ஓடைத் தண்ணீர் திடீரெனக் குறைந்தால் என்ன பொருள்?

கிராம சபையில் ஆண்டுதோறும் ‘பேரிடருக்குத் தயார்’ என்று ஒரு வரித் தீர்மானம் போட்டு முடித்துவிடுகிறார்கள். உருப்படியாக என்ன கேட்கலாம்?
– வாசகி, குன்னூர் வட்டம்

தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். நீலகிரிச் சரிவுகளில் மேல்மண்ணுக்குக் கீழே பாறை மக்கிக் களிமண்ணாகிப் பல அடி ஆழத்துக்குக் கிடக்கிறது. அதற்குள் தண்ணீர் இறங்க இறங்க எடை ஏறும், பிடிமானம் குறையும். 1993 நவம்பரில் குன்னூர் அருகே மரப்பாலம் என்ற இடத்தில் மலைச்சரிவு சரிந்தது. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பக்கம் 40-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மழையை நிறுத்த முடியாது. ஆனால் அது எந்த வழியாக இறங்குகிறது என்பது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது.

முதலில், மழை பெய்யும்போதே குடை பிடித்துக்கொண்டு ஊர் உச்சியிலிருந்து அடிவரை நடந்து ஒரு படம் வரையுங்கள். ஓடை, சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் கல்வெர்ட், கூரைத் தண்ணீர், துணி துவைக்கும் தண்ணீர், செப்டிக் டேங்க் வழிகிற இடம் எல்லாம் அதில் வரவேண்டும். சிமென்ட் சாலை போட்ட ஊர்களில், ஓரத்தில் வாய்க்கால் இல்லாவிட்டால் சாலையே வாய்க்காலாகிவிடும். வளைவில் தண்ணீர் தாவி, கீழ்வீட்டின் பின்புற மண்வெட்டில் (வீட்டுக்காகச் சரிவை வெட்டிய இடத்தில்) போய் விழும். படத்தில் சிவப்பு மையால் குறிக்க வேண்டிய முதல் இடம் அதுதான்.

தீர்மானத்தில் நான்கு விவரம் இருக்கட்டும்: எந்த வாய்க்கால், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், எந்த நிதியிலிருந்து. ஒரு அடி விட்டக் குழாயை அடைக்க ஒரு சீகைக் கிளையும் நான்கு பிளாஸ்டிக் பையும் போதும். அதனால் செப்டம்பர் கடைசியில் ஒருமுறையும், வடகிழக்குப் பருவத்தின் முதல் பெருமழை முடிந்ததும் மறுமுறையும் தூர்வார வேண்டும். அள்ளிய மண்ணைச் சரிவின் விளிம்பிலேயே கொட்டினால் அடுத்த மழையில் அதே குழாய்க்குத் திரும்பிவிடும். அது எங்கே போகும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

அக்டோபர் 2 கிராம சபை வரை காத்திருந்தால் வேலைக்கு நாள் இருக்காது. ஆகஸ்ட் 15-லேயே நிறைவேற்றுங்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூனிலேயே தென்மேற்குப் பருவம் அடிக்கும். அவர்களுக்கு மார்ச் 22 கூட்டமே சரி. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் 41-ஆம் பிரிவு உள்ளாட்சிக்கும் கடமை விதித்திருக்கிறது. ஊராட்சித் தலைவர் இருந்தாலும், அவர் இடத்தில் அரசின் தனி அலுவலர் இருந்தாலும் அந்தக் கடமை மாறாது.

மூன்று வருடம் முன் கட்டிய தடுப்புச் சுவர் வயிறு தள்ளி நிற்கிறது. சிமென்ட் போதவில்லையா?
– வாசகர், கோத்தகிரி

சிமென்டைக் குறை சொல்வதற்கு முன் சுவரில் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பின்னால் தேங்கும் தண்ணீர்தான் பெரும்பாலும் சுவரைத் தள்ளுகிறது. ஒன்றரை முதல் இரண்டு மீட்டருக்கு ஒன்றாக, 75 முதல் 100 மி.மீ. பிவிசி குழாய் வெளிப்புறம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் அரை மீட்டர் அகலத்துக்குக் கல்லும் ஜல்லியும் நிரப்பவேண்டும். தோண்டிய களிமண்ணையே திரும்பப் போட்டு மூடினால் குழாய் இருந்தும் பயனில்லை. மழை கொட்டியும் குழாயில் சொட்டுக்கூட வரவில்லையென்றால் அடைப்பு இருக்கலாம். வயிறு தள்ளிய சுவரின்மேல் பூசி மறைக்கவே கூடாது. பொறியாளர் வந்து பார்க்கும்வரை அதன் கீழே யாரையும் படுக்க விடாதீர்கள்.

மழைமானி வாங்க ஊராட்சியில் பணமில்லை. எப்போது வீட்டை விட்டுக் கிளம்புவது என்று எப்படி முடிவெடுப்பது?
– வாசகி, கேத்தி

வாய் முதல் அடிவரை ஒரே அகலமுள்ள, அடி தட்டையான எவர்சில்வர் டப்பா போதும். மரம், கூரை நிழலுக்கு வெளியே, தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஆடாமல் வையுங்கள். காலை 8.30-க்கு அளவுகோலை இறக்கினால் நனைந்த உயரமே மி.மீ. கணக்கு. அளவுகோலில் பூஜ்யத்துக்கு முன் கொஞ்சம் கட்டை இருந்தால், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். 20 செ.மீ. உயர டப்பா 200 மி.மீ. வரைதான் தாங்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியது. எனவே பெருமழையில் மூன்று மணிக்கொருமுறை அளந்து, கொட்டி, கூட்டி எழுதுங்கள்.

வானிலைத் துறைக் கணக்கில், 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.5 முதல் அதிகனமழை. எங்கள் பரிந்துரை: இரண்டு நாளாக மழை விடாமல் இருந்து, மதியம் மூன்று மணிக்குள் 64-ஐத் தாண்டினால், ஆபத்தென்று முன்பே குறித்து வைத்த வீடுகளை இருட்டுவதற்குள் காலி செய்யுங்கள். தரையில் விரிசல் தெரிந்தாலோ, கதவு திடீரென இறுகினாலோ, ஊற்று கலங்கினாலோ எண்ணுக்காகக் காத்திருக்க வேண்டாம். தங்கவைக்கும் பள்ளிக்கூடத்தின் பின்னாலும் மண்வெட்டு இல்லையே என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். மாட்டுக்கும் இடம் ஏற்பாடு செய்யுங்கள். இல்லாவிட்டால் பால் கறக்க ராத்திரியில் யாராவது திரும்பிப் போவார்கள்.

மழை வலுத்துக்கொண்டிருக்கும்போதே ஓடைத் தண்ணீர் குறைந்தால் நல்லதுதானே?
– வாசகர், பந்தலூர்

இல்லை. மேலே மண்ணும் மரமும் சரிந்து ஓடையை அணைபோல அடைத்திருக்கலாம். அது உடைந்தால் சேறும் பாறையும் ஒன்றாக இறங்கும். மேலே ஏறிப் பார்க்கப் போகாதீர்கள். ஓடைக்கரையில் இருப்பவர்களைக் கீழ்நோக்கி ஓடவிடாமல், பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற்றிவிட்டு, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணுக்குச் சொல்லுங்கள். கீழ் ஊருக்கும் உடனே தகவல் போக வேண்டும்.