வரைபட மென்பொருளும் வேலையும்: காட்பாடித் தந்தை ஒருவருக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

உங்கள் மகள் வேலூரில் பி.எஸ்சி. கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மடிக்கணினியிலிருந்த விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டிருக்கிறாள். கூடப் படிக்கும் பிள்ளைகள் ஜாவா, டெஸ்டிங் என்று போக, இவள் ஏரி, ஆறு, தெரு என்று வரைபடம் போட்டுக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறாள். இதில் வேலை உண்டா, வங்கித் தேர்வுக்கு அனுப்பிவிடலாமா என்று கேட்கிறீர்கள். ஊரில் ஒரு பயிற்சி நிலையம் ஜிஐஎஸ் (புவியியல் தகவல் அமைப்பு) சான்றிதழ் தருவதாகச் சொல்லிப் பெரிய தொகை கேட்கிறதே, கட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இப்போதைக்குக் கட்ட வேண்டாம். காரணத்தைப் போகப் போகச் சொல்கிறேன்.

நீங்கள் பத்திரம் எழுதுகிறவர் என்பதால் எனக்கு விளக்குவது சுலபம். கிராம நிலப் பதிவேடான ஏ-ரெஜிஸ்டரில் ஒரு சர்வே எண்ணுக்கு ஒரு வரி இருக்கிறது: உட்பிரிவு, பரப்பு, பட்டாதாரர் பெயர். அதே எண்ணுக்குப் புலப்படத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. எண்ணைச் சொன்னால் வரியும் வரும், படமும் வரும். ஜிஐஎஸ் என்பதன் அடிப்படை இதுதான். கணினிக்குள் போனதும் கேள்வி கேட்கும் வசதி கூடுகிறது. "ஏரிக்கரையிலிருந்து நூறு மீட்டருக்குள் எந்தெந்தப் புல எண்கள் வருகின்றன?" என்று கேட்டால் நொடியில் பட்டியல் வரும். உங்கள் மகள் உங்கள் தொழிலுக்குப் பக்கத்து வீட்டில்தான் நிற்கிறாள்.

அவள் பயன்படுத்துவது கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளாகத்தான் இருக்க வேண்டும். லினக்ஸில் இந்தத் துறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தொடுவது அதைத்தான். கேரி ஷெர்மன் என்பவர் 2002-இல் தொடங்கிய திட்டம் அது. இடத் தரவுகளைச் சேமிக்கும் போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்தில் இருப்பதை லினக்ஸில் திறந்து பார்க்க ஒரு கருவி தேவைப்பட்டது; அதற்காக எழுதப்பட்டது இன்று உலகம் முழுக்க அரசு அலுவலகங்களிலும் நிறுவனங்களிலும் ஓடுகிறது. கிராஸ் என்ற இன்னொரு ஜிஐஎஸ் மென்பொருள் இன்னும் பழையது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க ராணுவத்தின் ஆய்வகம் ஒன்று யூனிக்ஸ் கணினிகளுக்காக எழுதியது, 1999 முதல் யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் விடும் ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கிறது. ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியைப் பிரிப்பது, சரிவைக் கணக்கிடுவது போன்ற கனமான வேலைகளை அது செய்யும், கியூஜிஐஎஸ்ஸுக்குள்ளிருந்தே கூப்பிடலாம். இவற்றுக்கெல்லாம் அடியில் ஜிடால் என்று ஒரு நூலகம் இருக்கிறது. விதவிதமான வடிவங்களில் வரும் படங்களையும் தரவுகளையும் திறப்பது அதுதான். வெளியே தெரியாது, ஆனால் விலை கொடுத்து வாங்கும் பல மென்பொருள்களும் அதைத்தான் உள்ளே வைத்திருக்கின்றன.

ஆகவே லினக்ஸ் போட்டது கிறுக்குத்தனம் இல்லை. இந்தக் கருவிகள் யூனிக்ஸ், லினக்ஸ் சூழலில் பிறந்து வளர்ந்தவை. இணையத்தில் வரைபடம் காட்டும் சர்வர்களிலும் பெரும்பாலும் லினக்ஸ்தான். நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2011-இலிருந்து தந்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் இருந்ததே, நினைவிருக்கிறதா? மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கியது, டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது. பல வீடுகளில் அதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இனி வேலை. ஜிஐஎஸ் வேலை என்று விளம்பரத்தில் வருவது எல்லாம் ஒரே வேலை இல்லை. செயற்கைக்கோள் படத்தின் மேல் கட்டடம், சாலை, கால்வாய் என்று மவுஸால் கோடு இழுத்துக்கொண்டே இருப்பது ஒரு வகை. உள்ளே நுழைய எளிது, சம்பளம் குறைவு. படத்திலிருந்து கட்டடங்களைத் தானாகவே பிரித்தெடுக்கும் நிரல்கள் வந்துவிட்டதால் அந்த வேலையின் ஆயுளும் குறைந்துகொண்டே வருகிறது. பயிற்சி நிலையங்கள் பெரும்பாலும் ஆளைத் தயார் செய்வது இதற்குத்தான். அடுத்தது பகுப்பாய்வு: நிலத்தடி நீர், நகரத் திட்டம், வனம், பயிர் என்று ஏதாவது ஒரு துறையின் அறிவோடு சேர்ந்தால்தான் அதற்கு மதிப்பு. மூன்றாவது, இடத் தரவுகளைச் சேமித்துத் தேடித் தரும் மென்பொருளையே எழுதும் வேலை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், அதன் மேல் போஸ்ட்ஜிஐஎஸ், பைத்தான் நிரல்மொழி, வரைபடத்தை இணையத்தில் தரும் ஜியோசர்வர் என்று போகிறது அது. பொருள் கொண்டுவரும் செயலி, வாடகை வண்டிச் செயலி, காப்பீடு, தொலைத்தொடர்புக் கோபுரம் என எல்லாவற்றுக்கும் இந்த ஆட்கள் தேவை. ஆனால் அந்த விளம்பரங்களில் ஜிஐஎஸ் என்ற சொல்லே இருக்காது. டேட்டா இன்ஜினியர், பேக்கெண்ட் டெவலப்பர் என்று இருக்கும்.

உங்கள் மகளுக்கு என் பரிந்துரை மூன்றாவது. கணினி அறிவியல் படிக்கிற பிள்ளை கோடு இழுக்கும் வேலைக்குப் போனால் கையிலிருக்கும் பலத்தைக் கீழே போட்ட மாதிரி. தரவுத்தளத்தைக் கேள்வி கேட்க அவள் கற்கும் எஸ்கியூஎல் மொழிப் பாடம் வீணாகாது, அதன் மேல் இடத்தைப் பற்றிய கேள்விகளைச் சேர்த்தால் போதும். ஒருவேளை வரைபடத் துறையில் வேலை அமையாவிட்டாலும் பைத்தானும் தரவுத்தளமும் தெரிந்தவளாக ஐ.டி. பக்கம் போய்விடலாம். வீட்டில் பயப்பட வேண்டியதில்லை என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. வேலை விளம்பரங்களில் பல, எஸ்ரி நிறுவனத்தின் ஆர்க்ஜிஐஎஸ் தெரிய வேண்டும் என்று கேட்கும். அதன் மேசைக்கணினிப் பதிப்பு விண்டோஸில் மட்டுமே ஓடும், உரிமத்துக்குப் பணம் உண்டு. ஆய அமைப்பு (இடத்தை எண்களால் குறிக்கும் முறை), அடுக்கு (ஏரி, சாலை போன்ற ஒவ்வொன்றுக்கும் தனிப் படத்தாள்), இரண்டு அடுக்குகள் எங்கே வெட்டிக்கொள்கின்றன என்று பார்ப்பது ஆகிய கருத்துகள் பிடிபட்டவளுக்கு இதிலிருந்து அதற்கு மாறுவது பெரிய வேலை இல்லை, பொத்தான்களின் இடம்தான் மாறும். கல்லூரி ஆய்வகத்தில் இருந்தால் போய்ப் பழகிக்கொள்ளட்டும். அதற்காக வீட்டுக் கணினியை மாற்ற வேண்டாம்.

சரி, வேலை கொடுப்பவரிடம் எதைக் காட்டுவது? நம் ஊர்க் கணக்கு ஒன்றை எடுத்து முழுதாக முடித்துக் காட்டட்டும். 2021 நவம்பரில் பாலாற்றிலும் குடியாத்தத்தில் கவுண்டன்ய ஆற்றிலும் வெள்ளம் போனதைப் பார்த்தீர்கள். மேகம் மூடிய நாளில் சாதாரணச் செயற்கைக்கோள் படத்தில் ஒன்றும் தெரியாது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 ரேடார் என்பதால் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். அந்தப் படங்கள் இலவசம், அவற்றைப் பதப்படுத்தும் ஸ்நாப் என்ற மென்பொருளும் இலவசம், லினக்ஸில் ஓடும். வெள்ளத்துக்கு முன், பின் என்று இரண்டு படங்களை ஒப்பிட்டு, தண்ணீர் பரவிய இடத்தைப் பிரித்து, கவுண்டன்ய ஆற்றிலுள்ள மோர்தானா அணைக்கு மேலே நீர்ப்பிடிப்பு எவ்வளவு என்று கிராஸில் கணக்கிட்டு, எல்லாவற்றையும் போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் ஏற்றி, செய்முறையை எழுதி வைத்தால் அது ஒரு சான்றிதழுக்கு மேல். மூன்றாம் ஆண்டு புராஜெக்டாகவும் அதையே கொடுத்துவிடலாம். வெள்ளம் வேண்டாமென்றால் கழிஞ்சூர் ஏரி இருக்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு கெட்ட கதை இருக்கிறது, 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன விஷயம் அது. நம் மாவட்டத்தில் கருப்பொருளுக்குப் பஞ்சமே இல்லை.

இப்படிச் செய்யும்போதுதான் புத்தகத்தில் வராத சிக்கல்கள் வரும். மாவட்ட எல்லைக் கோப்பைப் பதிவிறக்கினால் அரக்கோணம், ஆம்பூர், திருப்பத்தூர் எல்லாம் வேலூருக்குள்ளேயே இருக்கலாம். 2019-இல் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பிரிந்ததற்கு முந்தைய கோப்பு அது. வட ஆற்காடு மாவட்டம் என்று தொடங்கும் பழைய பத்திரத்தை எடுத்ததும் அது 1989-க்கு முன்னால் என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள் அல்லவா? அந்தக் கண் அவளுக்கும் வேண்டும். ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வடிவில் ஊர்ப் பெயரைத் தமிழில் ஏற்றினால் சில சமயம் கேள்விக்குறிகளாக மாறிப்போகும், அட்டவணைப் பத்தியின் பெயரும் பத்து எழுத்துக்கு மேல் போகாது. ஜியோபேக்கேஜ் வடிவத்துக்கு மாறினால் இரண்டு தொல்லையும் தீரும். அட்சரேகை, தீர்க்கரேகையில் இருக்கும் அடுக்கை அப்படியே வைத்துக்கொண்டு போஸ்ட்ஜிஐஎஸ்ஸிடம் பரப்பு கேட்டால் சதுர டிகிரியில் ஒரு எண் வரும், அதை நேரடியாகச் சென்டாக மாற்ற வழியில்லை. மீட்டரில் அளக்கும் யூடிஎம் ஆய முறையில் நம் பகுதிக்கு 44 வடக்கு மண்டலம், மென்பொருளில் அதன் குறியெண் இபிஎஸ்ஜி 32644. முதலில் அதற்கு மாற்ற வேண்டும். நேர்முகத் தேர்வில் இதைத்தான் கேட்பார்கள்.

அளவு பற்றி நீங்களே அவளோடு உட்கார்ந்து பேசலாம். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர். உங்கள் கணக்கில் 22 சென்டுக்குக் கொஞ்சம் மேல். சென்டினல்-2 படத்தில் 10 மீட்டர், ஏறக்குறைய இரண்டரை சென்ட். ஏரியின் நீர்ப்பரப்பு முப்பது வருடத்தில் எப்படி மாறியது என்று பார்க்க முதலாவது போதும். இன்னார் ஏரியில் நாலு சென்ட் வளைத்துவிட்டார் என்று சொல்ல இரண்டாவதே போதாது.

இந்த இடத்தில் உங்களுக்கே ஒரு எச்சரிக்கை. மகளுக்கு வரைபடம் வருகிறது என்று தெரிந்தால், எல்லைத் தகராறோடு உங்களிடம் வரும் கட்சிக்காரர் "பாப்பாவை விட்டு ஒரு படம் போட்டுக் கொடுங்களேன்" என்பார். வேண்டாம். புலப்படம் ஜி-லைனும் குறுக்களவுமாக அளந்து வரைந்தது, பூமியின் ஆயங்கள் அதில் இல்லை. செயற்கைக்கோள் படத்தின் மேல் அதைப் பொருத்தினால் சில மீட்டர் தள்ளி உட்காரும். அந்தச் சில மீட்டரில்தான் அண்ணன் தம்பி அடிதடியே நடக்கிறது. நில அளவர் வந்து அளந்து கொடுப்பதற்கு இருக்கும் சட்ட மதிப்பு அவள் வரையும் படத்துக்குக் கிடையாது. இன்னொன்று, இந்திய வரைபடத்தை எங்காவது வெளியிடுவதாக இருந்தால் நாட்டின் எல்லைக்கு இந்திய சர்வே துறையின் கோட்டையே பயன்படுத்தட்டும். தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் இலவச வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுத்த எல்லை மாறுபட்டிருக்கும். தவறான எல்லையோடு வெளியிடுவது 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

மற்றபடி, வரைபடத் தரவைத் தயாரிக்க முன் அனுமதி வேண்டும் என்றிருந்த பல கட்டுப்பாடுகள் 2021 பிப்ரவரியில் இந்திய நிறுவனங்களுக்குத் தளர்ந்துவிட்டன. 2022-இல் தேசிய புவியிடக் கொள்கையும் வந்தது. தமிழ்நாட்டிலும் மின் ஆளுமை முகமையின் கீழ் டிஎன்ஜிஐஎஸ் என்ற மாநில ஜிஐஎஸ் அமைப்பு இயங்குகிறது. இத்தகைய இடங்களில் ஒப்பந்த வேலைகளே அதிகம், நிரந்தரம் என்று நினைத்துக்கொண்டு போகக் கூடாது.

அரசு வேலைதான் வேண்டும் என்றால் அறிவிப்பை வரிவரியாகப் படியுங்கள். டிஎன்பிஎஸ்சி நடத்தும் நில அளவர், வரைவாளர் தேர்வுகளுக்கு சிவில் டிப்ளமோ, ஐடிஐ போன்ற தகுதிகளைக் கேட்கிறார்கள். கியூஜிஐஎஸ் எவ்வளவு தெரிந்தாலும் கணினி அறிவியல் பட்டத்தை வைத்துக்கொண்டு அங்கே நுழைய முடியாது. சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் (புவித் தகவலியல்) பி.இ. இருக்கிறது, ஆனால் அது பிளஸ் டூ முடித்தவுடன் சேர வேண்டியது, அந்த வண்டி போய்விட்டது. மேற்படிப்பு என்றால் எம்.சி.ஏ., இல்லையென்றால் எம்.எஸ்சி. ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ். நான் எம்.சி.ஏ. பக்கம்தான் சாய்வேன், வெளியே வர வாசல்கள் அதிகம். வங்கித் தேர்வை அவள் விரும்பினால் எழுதட்டும், பட்டம் முடிந்த பிறகும் அதற்கு நேரம் இருக்கிறது.

இப்போது அந்தக் கட்டணம். மென்பொருள் இலவசம், தரவு இலவசம். டேராடூனில் இஸ்ரோவின் கீழ் இயங்கும் இந்திய தொலை உணர்வு நிறுவனம் இணையவழிப் படிப்புகளைக் கட்டணம் இல்லாமல் நடத்துகிறது, முடித்தால் சான்றிதழும் தருகிறது. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியலில் கியூஜிஐஎஸ் பாடங்கள் இருக்கின்றன. இவ்வளவும் இருக்க, பயிற்சி நிலையத்திடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: போஸ்ட்ஜிஐஎஸ், பைத்தான் சொல்லித் தருகிறீர்களா, போன வருடம் படித்தவர்கள் செய்த வேலையைக் காட்ட முடியுமா? காட்டினால் மறுபடி எனக்கு எழுதுங்கள், பார்க்கலாம். "வேலை உறுதி" என்று மட்டும் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்தப் பணத்தில் ஒரு பகுதியை மடிக்கணினியில் போடலாம். நினைவகம் நாலு ஜிபி என்றால் பதினாறாக ஆக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், குறைந்தது எட்டு ஜிபி வேண்டும். பழைய வட்டு இருந்தால் எஸ்எஸ்டியாக மாற்றுங்கள். ரேடார் படம் ஒன்றே ஏறக்குறைய ஒரு ஜிபி வரும், அதைத் திறப்பதற்குள் அவளுக்கு விடிந்துவிடுவதும் ராத்தூக்கம் கெடுவதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.