வண்டியின் முன் பம்பரில் வின்ச்சை நாமே பொருத்தலாமா?

கேள்வி இதுதான்: காட்டுப்பாதை ஓட்டும் வண்டிக்கு வின்ச் (சேற்றில் சிக்கினால் கயிற்றைச் சுற்றி வண்டியை வெளியே இழுக்கும் மோட்டார் கருவி) வாங்கியாயிற்று, கம்பெனி பம்பரிலேயே துளை போட்டு மாட்டிவிடலாமா, தனி பம்பர் வேண்டுமா, வேலையை வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா?

வீட்டிலேயே செய்யலாம். நானும் அப்படித்தான் மாட்டினேன். ஆனால் கம்பெனி பம்பரில் துளை போடுகிற எண்ணத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இப்போது வருகிற பெரும்பாலான வண்டிகளில் வெளியே தெரிவது பிளாஸ்டிக் மூடிதான். அதற்குப் பின்னால் இருக்கும் சட்டம், மோதினால் நசுங்கி அடியை வாங்கிக்கொள்வதற்காகச் செய்தது. டன் கணக்கில் முன்னோக்கி இழுத்தால் அது தாங்காது. வின்ச்சின் இழுவை கயிற்றிலிருந்து அது சுற்றியிருக்கும் டிரம்முக்கும், அங்கிருந்து போல்ட், அடித்தகடு வழியாகவும் போய், கடைசியில் சேசிஸின் இரண்டு நீளச் சட்டங்களிலும் இறங்க வேண்டும். இதில் எந்த இடம் மெலிவோ அங்கேதான் பிய்த்துக்கொண்டு வரும். அதனால் உங்கள் மாடலுக்கென்றே செய்த ஸ்டீல் பம்பரோ, பழைய பம்பருக்குள் மறைவாக உட்காரும் வின்ச் தகடோ வாங்குங்கள். இரண்டுமே சேசிஸில் நேரடியாக போல்ட் ஆகிறவை. ஏர்பேக் உள்ள வண்டியென்றால், அதற்குப் பொருந்தும் என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்கிறாரா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய வின்ச் போதுமா என்பதையும் ஒருமுறை கணக்குப் போட்டுவிடுங்கள். ஆள், சாமான், எரிபொருள் எல்லாம் சேர்ந்த மொத்த எடையின் ஒன்றரை மடங்கு என்பது பொதுவான கணக்கு. 2,500 கிலோ என்றால் 3,750 கிலோ. அதற்கு 9,500 பவுண்டு, அதாவது சுமார் 4,300 கிலோ வின்ச் சரியாக இருக்கும். பெட்டியில் போட்டிருக்கும் எண், டிரம்மில் ஒரே ஒரு அடுக்குக் கயிறு இருக்கும்போது கிடைக்கும் இழுவை. மேலே அடுக்கு ஏற ஏற இழுவை குறையும். நான்காவது அடுக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

இனி நான் தடுக்கி விழுந்த இடம். அடித்தகட்டை வெல்டிங் செய்யும் ஒருவரிடம் கொடுத்துச் செய்யச் சொன்னேன். கனமான தகடு, வெல்டிங்கும் நன்றாகவே இருந்தது. வின்ச்சை உட்காரவைத்து நான்கு போல்ட்டையும் முறுக்கினேன். கிளட்ச் நெம்புகோலைத் திருப்பி டிரம்மை விடுவித்துக் கயிற்றை இழுத்தால், வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துச் சாய்ந்து இழுத்தால்தான் கொஞ்சம் அசைந்தது. வின்ச்தான் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பவே தயாராகிவிட்டேன். பிறகு தோன்றி, போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். மோட்டார் பக்கத்துப் போல்ட் ஒன்று தளர்ந்ததுமே டிரம் ஒரே விரலில் சுழன்றது. அந்தக் காலடியில் ஒரு அட்டைத் துண்டைச் செருகினேன், தாராளமாக உள்ளே போனது. வெல்டிங் சூட்டில் தகடு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்திருந்தது. நான் முறுக்க முறுக்க வின்ச்சின் இரண்டு முனைக் கூடுகளும் கோணி, நடுவில் இருந்த டிரம்மைப் பிடித்துக்கொண்டன. அப்படியே லோடில் ஓட்டியிருந்தால் கியரும் புஷ்ஷும் தேய்ந்து போயிருக்கும். தகட்டைச் சமப்படுத்திய பிறகுதான் மறுபடி மாட்டினேன். ஆகவே போல்ட்டை இறுக்குவதற்கு முன்னால் ஒருமுறை, இறுக்கிய பின்னால் ஒருமுறை டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி சுழல வேண்டும்.

8,000 முதல் 12,000 பவுண்டு வரையிலான பெரும்பாலான வின்ச்சுகளின் நான்கு போல்ட் துளைகளும் 254 மி.மீ.க்கு 114.3 மி.மீ. இடைவெளியில் இருக்கும், தகட்டையும் அதே அளவில்தான் துளைப்பார்கள். கூட வந்த போல்ட்டையே போடுங்கள். தொலைந்துவிட்டால் அதே நீளம், அதே தரம், போல்ட் தலையில் போட்டிருக்கும் வலிமை எண் 8.8க்குக் குறையாமல். நீளம் குறைந்தால் மரை போதுமான அளவு பிடிக்காது. கூடினால் முனை துளையின் அடியில் முட்டி, இறுகியதுபோலத் தெரியும், ஆனால் தகடு இறுகியிருக்காது. டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்கம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து, கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். கிளட்ச் நெம்புகோல் பம்பருக்குள் புதைந்து கைக்கு எட்டாமல் போகிறதா என்று, பம்பரை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். பல வின்ச்சுகளில் கியர் கூட்டைக் கழற்றித் திருப்பி வைக்க வழியுண்டு. சேற்றில் முழங்கால் போட்டுக்கொண்டு தேடும்போதுதான் அந்த நெம்புகோலின் அருமை தெரியும்.

வயரிங்கில் யாருடைய பேச்சையும் கேட்டுச் சிக்கனம் பண்ணாதீர்கள். முழு லோடில் 12 வோல்ட் வின்ச் 400 ஆம்பியர் வரை இழுக்கும். கூட வந்த தடித்த கேபிளை அப்படியே பேட்டரி வரை கொண்டுபோங்கள், மைனஸையும் சேர்த்துத்தான். நான் முதலில் எர்த் வயரைப் பக்கத்திலிருந்த பம்பர் போல்ட்டில் மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் இழுத்ததும் மோட்டார் முனகியது, பெயின்ட் கருகும் வாசனை வந்தது. பெயின்டின் மேலேயே முனையை வைத்து இறுக்கியிருக்கிறேன். தொட்டால் கை சுடுகிறது. பேட்டரி மைனஸுக்கு மாற்றியதும் அந்தக் கோளாறு தீர்ந்தது. பிளஸ் கேபிளில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஐசொலேட்டர் சுவிட்ச் வையுங்கள். வேலை இல்லாதபோது வின்ச்சில் மின்சாரமே இருக்கக் கூடாது. முன்னால் இடித்து இந்தக் கேபிள் வெட்டுப்பட்டால் நேரே தீதான். விளிம்புகளைத் தாண்டும் இடமெல்லாம் ரப்பர் குழாய் போர்த்துங்கள். ரேடியேட்டருக்குக் காற்று போகும் வழியை கண்ட்ரோல் பெட்டி மறைத்தால் அதைக் கழற்றி வேறிடத்தில் வைக்கலாம்.

எடையை மறந்துவிடாதீர்கள். ஸ்டீல் கயிறு போட்ட வின்ச் மட்டும் 35, 40 கிலோ வரும், ஸ்டீல் பம்பர் தனி. மூக்கு தாழ்ந்தால் முன் ஸ்பிரிங்கை மாற்றத்தான் வேண்டும். நான் சிந்தெட்டிக் கயிற்றுக்கு மாறிவிட்டேன். எடை குறைவு, அறுந்தாலும் ஸ்டீல் கயிற்றைப்போல அவ்வளவு வெறியாக வீசாது. மாறினால், கயிறு வெளியே வரும் வாயில் இருக்கும் பழைய உருளை ஃபேர்லீடைக் கழற்றிவிட்டு, உருளையில்லாத அலுமினிய ஹாஸ் ஃபேர்லீட் போடுங்கள். ஸ்டீல் கயிறு உருளைகளில் விட்ட பிசிறுகள் புதுக் கயிற்றை அறுத்துவிடும்.

கயிறு டிரம்மில் எந்தத் திசையில் சுற்ற வேண்டுமென்று அம்புக்குறி போட்டிருப்பார்கள். மாற்றிச் சுற்றினாலும் வின்ச் இழுக்கும், ஆனால் பிரேக் பிடிக்காது. மேட்டில் தொங்கும்போது அதைத் தெரிந்துகொள்ளக் கூடாது.

எல்லாம் முடிந்ததும் நேராகச் சேற்றுக்குப் போகாதீர்கள். லேசான ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, மேலே உறுதியான ஒரு மரத்தில் அகலப் பட்டையைச் சுற்றி, ஷேக்கிள் போட்டுக் கொக்கியை மாட்டுங்கள். டிரம்மில் ஸ்டீல் கயிறென்றால் 5 சுற்றும் சிந்தெட்டிக் என்றால் 10 சுற்றும் மிச்சம் இருக்கும்படி கயிறு முழுவதையும் விடுங்கள். கையுறை போட்டு, கயிற்றின் மேல் கனமான போர்வையோ, கயிறு அறுந்தால் வீச்சை அடக்கும் டேம்பரோ போட்டு, எல்லோரையும் விலகி நிற்கச் சொல்லிவிட்டு, இன்ஜின் ஓட, உள்ளே ஒருவர் பிரேக்கை லேசாகத் தொட்டபடி இருக்க, மெதுவாக இழுங்கள். புதுக் கயிறு இப்படி லோடில் இறுகச் சுற்றினால்தான், பின்னால் பெரிய இழுவையில் மேலடுக்கு கீழடுக்குக்குள் புதைந்து சிக்காது.

திரும்பி வந்ததும் சேசிஸ் போல்ட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்ச்சில் பாருங்கள். என் வண்டியில் இடப்பக்கத்து இரண்டும் கால் சுற்று இறங்கின.