ஏல வீடு மலிவுதான், உள்ளே ஆள் இருக்கிறதே!

காணி, வீடு, வங்கிக்கடன் தொடர்பான கேள்விகளுக்குப் பதில் தருபவர், வங்கியின் கடன் அறவீட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்.

கேள்வி: ஐயா, நானும் கணவரும் ஆசிரியர்கள். கல்லடியில் வாடகைக்கு இருக்கிறோம். ஆரையம்பதிப் பக்கம் ஒரு வீடு வங்கி ஏலத்துக்கு வருவதாகப் பத்திரிகையில் அறிவித்தல் பார்த்தோம். வெளிவிலையை விட இருபது, முப்பது இலட்சம் குறைவாக எடுக்கலாம் என்று தரகர் சொல்கிறார். துணிந்து இறங்கலாமா?
– வாசகி, கல்லடி

பதில்: இறங்கலாம் மகள். ஆனால் ஏலத்துக்குப் போக முதல் அந்த வீட்டுக்குப் போங்கள். தரகர் வேண்டாம், நீங்கள் இரண்டு பேரும் மட்டும், ஒரு பின்னேரத்தில் போங்கள். படலையில் நின்று பார்த்தாலே தெரியும். கொடியில் பள்ளிக்கூட உடுப்புக் காய்கிறதா, வாசலில் கிழவி ஒருத்தி பாக்கு வெட்டிக்கொண்டிருக்கிறாவா என்று பாருங்கள். அந்த இருபது, முப்பது இலட்சம் குறைவதற்குக் காரணமே உள்ளே குடியிருக்கும் அவர்கள்தான்.

இலங்கையில் வங்கிகளுக்குப் பராட்டே அதிகாரம் என்று ஒன்று இருக்கிறது. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம். கடன் தவறினால் நீதிமன்றம் போகாமலே பணிப்பாளர் சபை ஒரு தீர்மானம் எடுத்து, வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் போட்டு, ஈடு வைத்த சொத்தை ஏலத்தில் விடலாம். பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, 2024இல் இதைக் கொஞ்சக் காலம் நிறுத்தி வைத்தார்கள். அந்தத் தடை நீங்கிய பிறகுதான் பத்திரிகைகளில் இந்த அறிவித்தல்கள் மறுபடி கண்ணில் படுகின்றன.

ஏலத்தில் வென்றால் வங்கி உங்களுக்குத் தருவது விற்பனைச் சான்றிதழ். அதோடு கடனாளியின் உரித்து உங்களுக்கு வந்துவிடும். வீட்டுத் திறப்பு வராது. உள்ளே இருப்பவர்கள் எழும்ப மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு உடைமையைப் பெறும் கட்டளையை நீங்கள்தான் எடுக்க வேண்டும். சட்டம் இதைச் சுருக்க நடைமுறை என்கிறது. மற்றப் பக்கம் ஒரு கெட்டிக்காரச் சட்டத்தரணியைப் பிடித்துவிட்டால் அது எவ்வளவு சுருக்கம் என்று பார்ப்பீர்கள். அதுவரை கல்லடி வாடகையும் கட்ட வேண்டும், புதுக் கடனின் தவணையும் கட்ட வேண்டும்.

காசு விசயத்துக்கு வருவோம். 90 இலட்சத்துக்குக் கேட்டு உங்கள் பேரில் சம்மட்டி விழுந்தது என்று வையுங்கள். வழமையான ஏல நிபந்தனைப்படி அந்த இடத்திலேயே 10 வீதம், அதாவது 9 இலட்சம் வைக்க வேண்டும். உள்ளூராட்சி வரி 1 வீதம், அது 90 ஆயிரம். ஏலக்காரரின் தரகு 2.5 வீதம், 2 இலட்சத்து 25 ஆயிரம். விளம்பரச் செலவில் பாதி, கூவுபவர் கூலி, நொத்தாரிசுக் கட்டணம் எல்லாம் அதற்கு மேல். மிச்சம் 90 வீதத்தைப் பெரும்பாலும் 30 நாளுக்குள் கட்டச் சொல்வார்கள். தவறினால் அந்த 9 இலட்சம் போனதுதான். ஆசிரியர் சம்பளத்தில் வீட்டுக்கடன் கேட்டு, மதிப்பீட்டாளர் வந்து, சட்டப் பிரிவு உறுதி பார்த்து, காசு கைக்கு வர எவ்வளவு நாள் பிடிக்கும் என்று உங்கள் வங்கியில் முதலே கேளுங்கள். எழுத்தில் ஒப்புதல் இல்லாமல் ஏலத்தில் கை உயர்த்த வேண்டாம்.

அடுத்தது நமது பக்கத்துக்கே உரிய சிக்கல். மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்கு என்பது தமிழரிடமும் உண்டு, முஸ்லிம்களிடமும் உண்டு. தாய், தகப்பன் மகளுக்கு நன்கொடை உறுதி எழுதும்போது தங்கள் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதுவார்கள். பிறகு மகளும் மருமகனும் அதே வீட்டைக் கடைக்காக ஈடு வைப்பார்கள். ஈட்டில் பெற்றோரும் கையெழுத்து வைத்திருக்காவிட்டால், நீங்கள் வாங்குவது அந்தக் கிழவனும் கிழவியும் சாகும் வரை இருக்க உரித்துள்ள வீட்டைத்தான். காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் ஏட்டை எடுத்துப் பார்த்தால் இது தெரியும். ஈட்டுக்கு முன்பு பதிந்தவை எவை, பின்பு பதிந்தவை எவை என்று நொத்தாரிசைக் கொண்டு வரிசையாகப் பார்ப்பியுங்கள். வங்கி முதலே பார்த்திருக்கும்தானே என்று நினைக்க வேண்டாம். வங்கி பார்த்தது தன் கடனுக்கு.

வீட்டையும் கொஞ்சம் பாருங்கள். கடற்கரைப் பக்கம் என்றால் கொங்கிறீட் வெடித்துக் கம்பி துரு கக்குகிறதா என்று மேல்தட்டை அண்ணாந்து பாருங்கள். வாவிப் பக்கம் என்றால் 2011 சனவரி வெள்ளம் எந்த மட்டத்துக்கு வந்தது என்று பக்கத்து வளவில் கேளுங்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஏலத் திகதிக்கு இன்னும் நாள் இருந்தால் வீட்டுக்காரரோடு நேரே பேசுங்கள். அவர் வங்கியில், இன்ன திகதிக்குள் இவ்வளவு கட்டினால் ஈட்டை விடுவிப்போம் என்று கடிதம் எடுக்கட்டும். நீங்கள் அந்தத் தொகையை அவர் கையில் கொடுக்காமல் நேரே வங்கிக்குக் கட்டுங்கள். அதே நாளில், அதே நொத்தாரிசு முன்னால் ஈட்டு விடுதலையையும், வீட்டை உங்கள் பேருக்கு மாற்றும் அறுதி உறுதியையும் எழுதுங்கள். முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 90 இலட்சத்துக்கு 3 இலட்சத்து 59 ஆயிரம் வரும். விலை ஏலத்தை விடக் கொஞ்சம் கூடும். ஆனால் அந்த ஆள் தானே திறப்பைக் கொண்டுவந்து தருவார். நான் வேலையில் இருந்த காலத்தில் சண்டையில்லாமல் முடிந்தவை பெரும்பாலும் இப்படி முடிந்தவைதான்.

கேள்வி: கடன்பட்டு நொந்தவனின் வீட்டை ஏலத்தில் எடுத்தால் அந்த வயிற்றெரிச்சல் நம்மைச் சும்மா விடுமா?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: தம்பி, ஒருவரும் கேட்க வராவிட்டால் வங்கியே அதைச் சொற்ப விலைக்கு எடுத்துக்கொள்ளும். வீடும் போய், மிச்சக் கடனுக்கு வழக்கும் வரும். நல்ல விலைக்குப் போனால் கடன் தீரும், மிஞ்சுவது கடனாளிக்குத் திரும்பும். ஆகவே நியாயமான விலை கேட்பவன் அவருக்குக் கெடுதல் செய்யவில்லை. தேத்தண்ணிக் கடையில் கூடிப் பேசி, "நீ கேளாத, நான் கேக்கன்" என்று விலையை அமுக்குகிறார்களே, வயிற்றெரிச்சல் அவர்களுக்கு உரியது. அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள். பாவம் பற்றிக் கோயில் ஐயரிடம் கேளுங்கள், எனக்குத் தெரிந்தது கணக்குத்தான்.

கேள்வி: பெர்மிட் காணியில் கட்டிய வீடு. சொந்தக்காரர் கடன் நெருக்கடியில் அரை விலைக்குத் தருகிறார். தன் சார்பில் காணியைக் கையாள அதிகாரம் கொடுக்கும் அற்றோனித் தத்துவம் எழுதித் தருவாராம். வாங்கலாமா?
– வாசகர், தம்பிலுவில்

பதில்: வேண்டாம். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு பெர்மிட்டில் கொடுத்த காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்றினால் அது செல்லாது. அற்றோனித் தத்துவம் எழுதியவர் இறந்த நிமிடமே அந்தக் கடதாசியும் இறந்துவிடும். பின்னுரித்தாளராக, அதாவது அவருக்குப் பிறகு காணி சேர வேண்டியவராகப் பதிந்த மகன் அடுத்த மாதம் வந்து படலையில் நிற்பான். பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் பெர்மிட் இலக்கத்தைக் கொடுத்து, யார் பேரில் இருக்கிறது, பின்னுரித்து யாருக்கு, கைமாற்றச் சம்மதம் தருவார்களா என்று சொந்தக்காரரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். அதற்கு முதல் முற்பணம் என்று ஐந்து சதமும் கொடுக்க வேண்டாம்.