ஓஆர்எஸ் கரைசலில் உப்போடு சர்க்கரை எதற்கு?

ஓஆர்எஸ் என்பது, வயிற்றுப்போக்கில் உடல் இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுகட்டக் குடிக்கும் கரைசல். சர்க்கரை அதில் இருப்பது ருசிக்காக அல்ல. உப்பை உள்ளே கொண்டுபோக.

சிறுகுடல் சுவரில் ஒரு புரதம் இருக்கிறது. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அது இரண்டையும் உள்ளே விடும். வங்கி லாக்கர் மாதிரி: நம் சாவியும் வங்கியின் சாவியும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். உப்பு உள்ளே போனால் தண்ணீர் தானாகப் பின்னாலேயே போகும். காலரா வந்தாலும் இந்த வழி மட்டும் அடைபடுவதில்லை, அதுதான் ஆச்சரியம்.

சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே உள்ளே போகின்றன என்பதை 1960இல் உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் முன்வைத்தார். 1971இல் மேற்கு வங்கத்தின் போங்காவ் அகதி முகாமில் காலரா. டிரிப் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் டிரம்களில் கரைசலைக் கலந்து, நோயாளிகளின் உறவினர்களையே ஊட்ட வைத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4க்கும் கீழே இறங்கியது. இத்தனை எளிய பொருள் இத்தனை உயிர்களைக் காத்தது என்பது எனக்கு இன்றும் பிரமிப்பு.

உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் 1 லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், சாதாரண உப்பு 2.6 கிராம். சர்க்கரையைக் கூட்டினால் அது நீரைக் குடலுக்குள் இழுத்து, போக்கை அதிகமாக்கும்.

அப்புறம், குடித்தும் பேதி நிற்கவில்லையே என்று பாதியில் விட்டுவிடாதீர்கள். ஓஆர்எஸ் பேதியை நிறுத்தும் மருந்தல்ல, வெளியேறும் நீரை ஈடுகட்டுவது.