ஆணழகன் போட்டித் தயாரிப்பு: தராசு நின்றுவிட்டால் என்ன செய்வது?

பலமுறை மேடையேறியவரும், இப்போது பிறரைத் தயார்செய்பவருமான ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி: போட்டிக்கு ஆறு வாரங்கள் உள்ளன. எட்டு நாள்களாக எடை 80 கிலோவிலேயே நிற்கிறது. சோற்றைப் பாதியாக்கி, கார்டியோவை (வேக நடை, ஓட்டம் போன்ற பயிற்சியை) இரட்டிப்பாக்கலாமா?

பதில்: இரண்டையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். முதன்முறை மேடையேறிய ஆண்டில் நானும் இதே பதற்றத்தில் இதைத்தான் செய்தேன். பத்து நாளில் எடை இறங்கியது, கூடவே தொடையும் வற்றியது, ஆனால் எதனால் எது நேர்ந்தது என்று பிரித்தறிய வழியே இல்லாமல் போயிற்று. முந்தைய இரவு தொட்டுக்கொண்ட ஊறுகாய், கெட்டுப்போன தூக்கம், மலச்சிக்கல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றுகூட எடைக் குறைவைத் தராசில் மறைத்துவிடும் என்பதால், தினமும் காலைக்கடன் முடித்தபின் எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். ஊக்க மருந்து எடுக்காதவர்கள் வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம், உங்கள் கணக்கில் 400 முதல் 800 கிராம் வரை குறைத்தால் தசை பெரும்பாலும் தப்பும். இரண்டு வாரச் சராசரியும் இடுப்பளவும் அசையவே இல்லையென்றால், அன்றாட அரிசியில் 50 கிராமை, அதாவது ஏறக்குறைய 175 கலோரியைக் குறையுங்கள். வேறெதிலும் கை வைக்காதீர்கள்.

அதற்கும் முன்பு ஒன்றைக் கவனிக்க வேண்டும். உணவு குறையக் குறைய, நமக்குத் தெரியாமலேயே உடல் தன் அசைவுகளைக் குறைத்துக்கொள்ளும். தெருமுனைக் கடைக்கு நடந்து போனவர் இப்போது வண்டியை எடுக்கிறீர்களா? மாடிக்கு ஏறாமல் கீழிருந்தே குரல் கொடுக்கிறீர்களா? அப்படியென்றால் சோற்றைத் தொட வேண்டாம், நடையை மீட்டால் போதும்.

கேள்வி: ‘சர்க்கரை வந்துவிட்டதா, இப்படி இளைத்துவிட்டாயே’ என்று உறவினர்கள் கேட்கிறார்கள். கண்ணாடியிலும் சிறுத்தே தெரிகிறேன்.

பதில்: சட்டை போட்டால் மெலிந்து தெரிவதும் கன்னம் ஒட்டிப்போவதும் இந்தக் கட்டத்தில் எதிர்பார்க்க வேண்டியவையே, நடுவர்கள் உங்களைச் சட்டையோடு பார்க்கப்போவதில்லை. பசித்திருப்பவனுக்குக் கண்ணாடி நல்ல சாட்சியல்ல. ஒரே விளக்கில், ஒரே சுவரின் முன், ஒரே நேரத்தில் வாரந்தோறும் படமெடுத்து, நான்கு வாரத்துக்கு முந்தைய படத்தோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். எல்லாப் பயிற்சிகளிலும் தூக்கும் எடை ஒருசேரச் சரிகிறது என்றால் மட்டுமே கவலைப்பட இடமுண்டு.

கேள்வி: என் கணவர் போட்டிக்குத் தயாராகிறார். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். இரவெல்லாம் சமையல் வீடியோவாகப் பார்க்கிறார். இது இயல்புதானா?

பதில்: இயல்புதான். 1944-45 காலத்தில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்து ஆராய்ந்தபோது, அவர்களிலும் சிலர் சமையல் புத்தகங்களைத் தேடிப் படித்தார்கள். சோர்வும் எரிச்சலும் மிகுந்தன. ஆனால் இயல்பு என்பதற்காக நீங்கள் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பணம், பிள்ளைகள் படிப்பு போன்ற பேச்சுகளை அவர் சாப்பிட்டு முடித்தபின் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிலை அவருக்கும் காட்டுங்கள்.

கேள்வி: வாரம் மாறி வாரம் நைட் ஷிப்ட். அட்டவணைப்படி சாப்பிட முடியவில்லை.

பதில்: நாள் முழுவதற்குமான கலோரியும் புரதமும் மாறக் கூடாது, வேளைகள் தாராளமாக மாறலாம். ஷிப்ட் மாறும் நாளில் கனமான கால் பயிற்சியை வைக்காதீர்கள்.

கேள்வி: கடைசி மூன்று நாள் தண்ணீரை நிறுத்தினால் கட்ஸ் (தசைகளைப் பிரித்துக் காட்டும் கோடுகள்) நன்றாகத் தெரியும் என்கிறார்கள். நீர் பிரியும் மாத்திரையும் தருகிறார்கள்.

பதில்: மாத்திரையைத் தொடவே தொடாதீர்கள். 1992இல் முகமது பெனாசிசாவும் 1996இல் ஆண்ட்ரியாஸ் முன்சரும் இறந்தார்கள். இருவரும் உலகத் தரத்து வீரர்கள், இருவரின் மரணத்திலும் நீர் பிரிக்கும் மருந்துகளின் பங்கு பேசப்பட்டது. தண்ணீரை நிறுத்துவதும் புத்திசாலித்தனமல்ல: தசையில் பெரும்பகுதி நீர்தான், தசையில் சேமிக்கப்படும் மாவுச்சத்தான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைப் பிடித்து வைக்கிறது, ஆகவே நீரை வெட்டினால் தோலுக்கு அடியில் இருப்பதோடு தசைக்குள் இருப்பதும் போய், மேடையில் தட்டையாகத் தெரிவீர்கள். மூன்று நாள் முன்பும் கட்ஸ் தெரியாமல் மூடியிருந்தால், மூடியிருப்பது நீரல்ல, கொழுப்பேதான். அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுங்கள்.

கேள்வி: ஐந்தாம் இடம்தான் கிடைத்தது. விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது.

பதில்: அமெரிக்க ஆணழகன் ஜே கட்லர் 2006, 2007ஆம் ஆண்டுகளில் ஆணழகன் உலகின் உச்சப் பட்டமான மிஸ்டர் ஒலிம்பியாவை வென்று, 2008இல் அதை டெக்ஸ்டர் ஜாக்சனிடம் இழந்து, 2009இல் திரும்பப் பெற்றார். அவரோடு நம்மை ஒப்பிட முடியாதுதான். என்றாலும் தோற்ற வாரத்திலேயே முடிவெடுக்க வேண்டாம். நடுவர் ஒருவரிடம் பணிவாகக் கேட்டு, முதுகா, காலா, போஸா, எது குறைந்தது என்பதை நோட்டில் எழுதி மூடிவையுங்கள். இப்போது பிரியாணியும் இனிப்புமாகச் சாப்பிட்டு, நீர் கோத்துக் கணுக்கால் வீங்கியிருக்கும். அது வடியட்டும், பிறகு நோட்டைத் திறக்கலாம்.