ஃபஸி ஒருவர்தான், ஹீரோக்கள்தான் பலர்

நீங்கள் ஏமாறவில்லை. தாடிக்காரர் ஃபஸியும் ஹீரோ பில்லியும் வரும் பழைய கறுப்பு வெள்ளை கவ்பாய் படத்தைத் தேடினால் ஒவ்வொரு முறையும் பில்லியின் முகம் மாறுகிறது என்கிறீர்கள். நிஜமாகவே நடிகரை மாற்றினார்கள். பி.ஆர்.சி என்ற சின்ன ஹாலிவுட் நிறுவனம் 1940-இல் பாப் ஸ்டீல் என்ற நடிகரை பில்லி தி கிட் (நிஜத்தில் வாழ்ந்த அமெரிக்கத் துப்பாக்கிக் கொள்ளைக்காரனின் பெயர்) ஆக்கியது. 1941-இல் அந்த வேடம் பஸ்டர் கிராப்புக்குப் போனது. 1943 வாக்கில் பாத்திரத்தின் பெயரையும் பில்லி கார்சன் என்று மாற்றிவிட்டார்கள். அதனால் 'பில்லி தி கிட்' என்று மட்டும் தேடினால் பாதிப் படங்கள் சிக்காது.

ஹீரோ நெடுநெடுவென்று நீச்சல் வீரர் போல இருந்தாரா? அப்படியானால் கிராப்தான், 1932 ஒலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வாங்கியவர். கறுப்பு உடையும் சாட்டையும் என்றால் லாஷ் லாரூ, அது பின்னால் வந்த வேறு வரிசை.

இயக்குநர் பெயரை நம்பாதீர்கள். சாம் நியூஃபீல்ட், பீட்டர் ஸ்டூவர்ட், ஷெர்மன் ஸ்காட் மூவரும் ஒரே ஆள்! ஃபஸியாக நடித்த அல் செயின்ட் ஜான் பெயரைப் போட்டுத் தேடுங்கள். மௌனப்பட காலத்திலேயே விழுந்து புரண்டு சிரிக்க வைத்த மனிதர். என்னைக் கேட்டால் இந்தப் படங்களில் உருப்படியான விஷயமே அவர்தான். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம்தான், அப்புறம் கதை நினைவிருந்தால் எழுதுங்கள்.