வாசகர் கேள்விகள்: கர்த்தருக்குப் பயப்படுதலும் தாழ்மையும்

கேள்வி: கர்த்தருக்குப் பயப்பட வேண்டும் என்கிறது நீதிமொழிகள். ‘பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்’ என்கிறார் யோவான். எதைப் பிடித்துக்கொள்வது?

பதில்: இரண்டையும்தான். யாத்திராகமம் 20:20ஐத் திறந்து பாருங்கள். சீனாய் மலையடியில் நடுங்கி நின்ற ஜனங்களிடம் மோசே ‘பயப்படாதிருங்கள்’ என்கிறார். அதே வசனத்திலேயே தேவனைப் பற்றும் பயம் உங்கள் முன் இருக்கட்டும் என்கிறார். எபிரெயத்தில் இரண்டுக்கும் வேர்ச்சொல் ஒன்றே. அடுத்த வசனத்தில் ஜனங்கள் தூரத்திலேயே நிற்க, மோசே கார்மேகத்தை நெருங்கிப் போகிறார். விலக வைப்பது ஒரு பயம், கிட்டே வர வைப்பது இன்னொன்று. யோவான் தள்ளச் சொல்வது முதலாவதை. அவர் சொன்னதற்கு முந்தின வசனம் (1 யோவான் 4:17) நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றியது என்பதால், அவர் மனதில் இருப்பது தண்டனையை நினைத்து நடுங்கும் பயம்.

கேள்வி: சபையில் யாராவது பாராட்டினால் ‘நான் ஒன்றுமேயில்லை’ என்று சொல்லிவிடுகிறேன். எனக்கே அது நடிப்பாகப் படுகிறது.

பதில்: நடிப்பாகவே இருக்கலாம். கொலோசெயர் 2:23 அதற்கு வைத்த பெயர் ‘மாயமான தாழ்மை’. 1 கொரிந்தியர் 15:9-10இல் பவுல் எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். அப்போஸ்தலர்களில் நான் சிறியவன் என்கிறார். மற்ற எல்லாரையும்விட அதிகமாகப் பாடுபட்டேன் என்றும் கூசாமல் சொல்கிறார். உடனே, அது நானல்ல, தேவகிருபை என்று முடிக்கிறார். உழைப்பை அவர் மறைக்கவில்லை, அதன் ஊற்றைக் காட்டிவிடுகிறார். நீங்களும் ‘நன்றி’ என்று சொல்லி, கூட உழைத்தவரின் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். மறுக்க மறுக்கப் பேச்சு உங்களைச் சுற்றியேதான் ஓடும்.

கேள்வி: ஜெபத்தில் தாழ்மை வர என்ன செய்யலாம்? பதினைந்து நிமிடமும் விண்ணப்பத்திலேயே போய்விடுகிறது.

பதில்: வரிசையை மாற்றிப் பாருங்கள். முதல் 5 நிமிடம் எதையும் கேட்காதீர்கள். சங்கீதம் 103 அல்லது 145ஐ வாய்விட்டு, மெதுவாக வாசியுங்கள். நடுவில் தேவைகள் வந்து முட்டும்; ஒரு தாளில் குறித்துவிட்டு வசனத்துக்குத் திரும்புங்கள். அடுத்த 3 நிமிடம் பாவ அறிக்கை. ‘நான் பெரும் பாவி’ என்பது சுலபம், வலிக்காது. ‘நேற்று சாயங்காலம் தம்பியிடம் பொய் சொன்னேன்’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு தயங்கும். தம்பியிடமும் போய்ச் சொல்ல வேண்டியிருந்தால், காணிக்கைக்கு முன் ஒப்புரவு என்ற மத்தேயு 5:23-24 உண்டு. அங்கே ‘மன்னித்துக்கொள், ஆனால்...’ என்று இழுத்தால் கேட்ட மன்னிப்பு போயிற்று. மீதி 7 நிமிடம் அந்தத் தாளுக்கு.

இன்னொன்று: லூக்கா 18இல் இயேசு சொன்ன உவமையில், ஆலயத்தில் ஜெபிக்க வந்த பரிசேயனும் ஸ்தோத்திரத்தோடுதான் ஆரம்பித்தான். தூரத்தில் நின்ற ஆயக்காரன்மேல் (வரி வசூலிப்பவன்மேல்) கண் போனதும் ஜெபம் திசைமாறிவிட்டது. உங்கள் ஜெபத்தில் யாராவது ஒப்பீட்டுக்காக நுழைந்தால் அங்கேயே நிறுத்தி, மறுபடி சங்கீதத்திலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: முழங்காலில் நின்றே ஆகவேண்டுமா?

பதில்: கட்டாயமில்லை. சாலொமோன் முழங்கால்படியிட்டார், அன்னாள் நின்றாள், தாவீது கர்த்தருடைய சமுகத்தில் உட்கார்ந்திருந்து பேசினார். 6ஆம் நூற்றாண்டில் துறவிகளுக்கு ஒழுங்கு எழுதிய புனித பெனடிக்ட் தாழ்மைக்கு 12 படிகள் சொல்கிறார். தேவபயம் முதல் படி. தலை குனிந்து நிற்பது போன்ற உடல் அடையாளம் கடைசிப் படி. முழங்கால் வலிக்கிறவர் நாற்காலியில் உட்கார்ந்தே ஜெபிக்கலாம்.